‘டென்ட்டர்’ வேறு, ‘டெண்டர்’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வாரந்தோறும் வெளிவரும் ஆங்கில மரபுத்தொடர் விளக்கத்தை என் பேத்தி கத்தரித்துத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொள்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் அதைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரப் பகுதியில் ‘ஆன் டெண்டர்ஹூக்ஸ்’ என்ற தொடரை எடுத்துக்கொண்டு, ‘டெண்டர்ஹூக்’ என்பது கூடாரத்தை இழுத்துக் கட்டும் கொக்கி என்றும், தொடரின் பொருள் ‘ஆவலோடு காத்திருத்தல்’ என்றும் எழுதி, ‘சுற்றுலா செல்லும் நாளுக்காக மாணவர்கள் டெண்டர்ஹூக்ஸில் இருந்தார்கள்’ என்று எடுத்துக்காட்டும் தந்திருந்தீர்கள். அதைப் படித்த பேத்தி, “தாத்தா, டெண்டர் எடுப்பதற்காகக் காத்திருப்பவர்களைப் பற்றிய தொடரா இது?” என்று கேட்டாள். அச்சான எழுத்தை வைத்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன விடையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தங்கள் பகுதியைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

திருப்பூரில் துணிப் பதனிடும் ஆலைகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் பெரும்பகுதி ஸ்டென்டர் இயந்திரத்தில் கழிந்தது. இந்தத் தொடரில் வரும் சொல் என் தொழிலின் சொல் என்பதால்தான் எழுதத் துணிந்தேன். சாயம் ஏற்றி, அலசி, பிழிந்து, ஈரத்தோடு வரும் துணியின் இரண்டு ஓரங்களையும், இருபுறமும் ஓடும் சங்கிலிகளில் வரிசையாகப் பதித்த ஊசிகள் குத்திப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டியும் குறைத்தும், வேண்டிய அகலத்துக்குத் துணியை இழுத்து நிறுத்தி, வெப்பக் காற்று வீசும் அறைகளின் வழியாக அனுப்பினால், மறுமுனையில் அது காய்ந்து, சுருக்கமும் கோணலும் நீங்கி, சொன்ன அகலத்தோடு வெளியே வரும். ஊசிக்குப் பதிலாகக் கவ்விகள் வைத்த இயந்திரங்களும் உண்டு. பதனிட்ட துணியின் ஓரத்தில் சிறு துளைகள் ஒரே வரிசையாக ஓடுவதைத் தையல் மேசையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவை ஸ்டென்டரின் ஊசிகள் விட்டுச் சென்ற தடங்கள். அமெரிக்க நூல்கள் இந்த இயந்திரத்தை ‘டென்ட்டர்’ என்றே குறிப்பிடுகின்றன. இங்கிலாந்துக்காரர்களோ ஸ்டென்டர் என்பார்கள். அந்தப் பெயர்தான் நம் ஊர்களிலும் நிலைத்துவிட்டது.

மின்சாரமும் வெப்ப அறைகளும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தின் கம்பளித் தொழிலில் இதே வேலையைத் திறந்தவெளியில் செய்தார்கள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் ஆட்டு உரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். நெசவும் தளர்வாக இருக்கும். அதை ஒருவகைக் களிமண் கலந்த நீரில் ஊறவைத்து, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெரிய மரச் சம்மட்டிகளின் கீழ் போட்டு அடிப்பார்கள். நம் கடைகளில் முகத்துக்குப் பூசுவதற்கென்று விற்கும் முல்தானி மிட்டியும் அந்த வகை மண்தான். அடி வாங்கிய துணி பிசுக்கு நீங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தடித்து, நீளத்திலும் அகலத்திலும் வெகுவாகச் சுருங்கிவிடும். அந்த ஈரத் துணியை அப்படியே காயவிட்டால் கோணல் மாணலாகக் காய்ந்து விற்பனைக்கு உதவாமல் போகும். ஆகவே, வயல்வெளியில் வேலிபோல் நீளமாக நாட்டிய மரச் சட்டங்களில் அதை விரித்து மாட்டுவார்கள். மேலே ஒரு நீண்ட கட்டை, கீழே ஒரு நீண்ட கட்டை. இரண்டிலும் சில அங்குலங்களுக்கு ஒன்றாக வளைந்த ஆணிகள் அடித்திருக்கும். துணியின் மேல்கரையை மேல் ஆணிகளிலும் கீழ்க்கரையைக் கீழ் ஆணிகளிலும் மாட்டி, கீழ்க்கட்டையை இறக்கி இறுக்கினால் துணி முரசுத் தோல்போல விறைத்து நிற்கும். வெயிலும் காற்றும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்தச் சட்டத்துக்குத்தான் ‘டென்ட்டர்’ என்று பெயர். அதில் உள்ள வளைந்த ஆணிதான் ‘டென்ட்டர்ஹூக்’. கூடாரத்துக்கும் இதற்கும் பயன்பாட்டில் எந்தத் தொடர்பும் இல்லை. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ‘டென்ட்டர் கிரவுண்ட்’ என்ற பெயரில் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. நார்தம்பர்லாண்டில் ஆட்டர்பர்ன் என்ற ஊரின் பழைய கம்பளி ஆலையில் இத்தகைய சட்டங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கென்ட் மாவட்டத்தில் டென்ட்டர்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கும் ஒரு காலத்தில் கம்பளி வணிகம் செழித்தது. ஆயினும் அந்த ஊர்ப்பெயர் வேறு வழியில் பிறந்தது, இந்தச் சட்டத்தோடு அதற்கு உறவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யார்க்‌ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரின் சுற்றுப்புறத்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்து எழுதிய டேனியல் டீஃபோ, ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் முன்பும் ஒரு டென்ட்டர் நின்றதையும், ஏறத்தாழ ஒவ்வொரு டென்ட்டரிலும் ஒரு துணி விரிந்திருந்ததையும் வியந்து குறித்திருக்கிறார். அதே ஊரில் 13½ பென்ஸ் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடிப் பிடிபட்டவரின் தலையை ஓர் இயந்திரக் கத்தியால் வெட்டும் வழக்கம் இருந்தது. கடைசியாக அது 1650இல் நடந்தது. டீஃபோ அந்த வழக்கத்தைத் துணித் திருட்டோடு சேர்த்தே விவரிக்கிறார். இரவும் பகலும் வெட்டவெளியில் நிற்கும் துணி எளிதில் களவு போகக்கூடியது என்பதை நினைத்தால் அதன் காரணம் விளங்கும். வாரக்கணக்கில் குடும்பமே உழைத்து நெய்த ஒரே துணியை வெளியே மாட்டிவிட்டு, மழை வருமோ, திருடன் வருவானோ என்று விழித்திருந்த நெசவாளரை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மரபுத்தொடர் அந்த நெசவாளரின் கவலையிலிருந்து பிறக்கவில்லை. ஆணிகளில் மாட்டப்பட்டு, இருபுறமும் இழுபட்டு நிற்கும் துணியிலிருந்துதான் பிறந்தது. எனினும் அந்த மனிதரை மறந்துவிட்டு இச்சொல்லை விளக்க எனக்கு மனம் வரவில்லை.

துணியை அளவுக்கு மீறி இழுப்பதும் அக்காலத்தில் நடந்தது. அப்படி இழுத்தால் நீளமும் அகலமும் கூடும், வாங்குபவரிடம் அதிகப் பணம் கேட்கலாம். முதல் மழையில் நனைந்ததும் துணி தன் உண்மையான அளவுக்குச் சுருங்கிவிடும். எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1597-98இல், வட இங்கிலாந்துத் துணிகளை வஞ்சகமாக இழுத்து நீட்டுவதற்கு எதிராக நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே இயற்றியது. இன்று திருப்பூரில் ஏற்றுமதித் துணிக்குச் சுருக்கச் சோதனை செய்கிறார்களே, அந்தச் சோதனை தேடுவதும் இதே குற்றத்தைத்தான். சலவைக்குப் பின் துணி எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தால், ஸ்டென்டரில் யார் எவ்வளவு இழுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். இழுவையில் நிற்கும் துணி அந்த இழுவையை மறப்பதில்லை. இதை நான் ஏட்டில் படிக்கவில்லை, கையில் தொட்டு அறிந்தவன்.

இனி பொருளுக்கு வருகிறேன். மனத்தை இந்தச் சட்டத்தில் மாட்டிய துணியாகப் பார்க்கும் பழக்கம் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 1633இல் அச்சான ஜான் ஃபோர்டின் நாடகம் ஒன்றில், தன் இதய நரம்புகள் டென்ட்டர்களில் இழுபடுகின்றன என்று ஒரு பாத்திரம் வருந்துகிறது. 1748இல் வெளிவந்த ‘ரோடரிக் ராண்டம்’ நாவலில் டொபயாஸ் ஸ்மாலெட் இன்னும் தெளிவாக எழுதினார்: ஒருவனைப் ‘பொறுமையிழந்த நிச்சயமின்மையின் டென்ட்டர்ஹூக்குகளின் மேல்’ விட்டுவிட்டு வந்ததாகக் கதைசொல்லி கூறுகிறான். அவர் அங்கே இணைத்த இரண்டு சொற்களும் சேர்ந்ததுதான் இம்மரபுத்தொடரின் பொருள். பொறுமையின்மை மட்டும் இருந்தால் போதாது. முடிவு எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையும் வேண்டும். நல்லதும் நடக்கலாம், கெட்டதும் நடக்கலாம். மனம் இரண்டு பக்கமும் இழுபட வேண்டும். அந்த இழுப்பு இல்லாத இடத்தில் இந்தத் தொடருக்கு வேலை இல்லை.

அதனால்தான் தங்கள் பகுதி தந்த எடுத்துக்காட்டு பொருந்தவில்லை என்கிறேன். சுற்றுலா போவது உறுதி, நாளும் குறித்தாயிற்று, அந்த நாள் விரைவில் வராதா என்பது மட்டுமே பிள்ளைகளின் துடிப்பு. அந்தத் துடிப்புக்கு ஆங்கிலத்தில் வேறு தொடர் இருக்கிறது. ‘சாம்பிங் அட் த பிட்’ என்பார்கள். அமெரிக்காவில் ‘சோம்பிங்’ என்பதே பெருவழக்கு. ஓட்டம் தொடங்குவதற்கு முன், வாயில் உள்ள கடிவாள இரும்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் குதிரையின் நிலை அது. அந்தக் குதிரைக்கு அச்சம் கிடையாது. எப்போது விடுவார்கள் என்ற வேகம் ஒன்றுதான் இருக்கும். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே நிற்கும் உறவினர்கள் டென்ட்டர்ஹூக்குகளின் மேல் இருக்கிறார்கள். வாக்கு எண்ணிக்கையில் சில நூறு வாக்குகளில் முன்னும் பின்னுமாக ஊசலாடும் வேட்பாளரும், நேர்காணல் முடித்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் இளைஞரும் அப்படித்தான். சுற்றுலாப் பேருந்துக்காகக் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கடிவாளத்தைக் கடிக்கும் குதிரைகள்.

என் வாழ்க்கையிலேயே இந்தத் தொடருக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாயக் கழிவுநீர் தொடர்பாக உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பூரின் சாய ஆலைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆற்றின் நிலையைக் கண்ணால் கண்டவன் ஆதலால் அந்த உத்தரவை நான் குறை கூற மாட்டேன். சாயம் ஏறினால்தான் எங்களுக்குத் துணி வரும். துணி வராததால் ஸ்டென்டர் வெறுமையாக நின்றது. திறக்க அனுமதி கிடைக்கும் என்று ஒரு நாள் சொல்வார்கள், இனிமேல் திறக்கவே மாட்டார்கள் என்று மறுநாள் சொல்வார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதங்கள் அவை. வேறு ஊருக்குப் போய்விடலாமா, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா என்று நானும் என் மனைவியும் இரவுதோறும் பேசுவோம். விடிந்தால் பேசியது எதுவும் நிலைக்காது. நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம் என்று அந்த நாட்களைப் பற்றி யாராவது எழுதினால் அது பொய்யாகிவிடும். டென்ட்டர்ஹூக்குகளின் மேல் இருந்தோம் என்று எழுதினால் அது முழு உண்மை.

பயன்பாட்டைப் பற்றிச் சில குறிப்புகள் மாணவர்களுக்கு உதவும். இத்தொடரில் அச்சொல் எப்போதும் பன்மையில்தான் வரும். ஒரே ஒரு கொக்கியில் யாரும் தொங்குவதில்லை. முன்னே ‘ஆன்’ வரும். பழைய நூல்களில் ‘அப்பான் த’ என்று வருவது இன்று வழக்கில் இல்லை. ஒருவர் தாமே அந்த நிலையில் இருக்கலாம், அல்லது மற்றொருவர் அவரை அந்த நிலையில் வைத்திருக்கலாம். ‘கீப் அஸ் ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்’ என்பது, விடை சொல்லாமல் எங்களைத் தவிக்க விடுகிறார் என்று பொருள் தரும். இதே பொருளில் ‘ஆன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்றும் சொல்கிறார்கள். ஆனால் ‘ஆன்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்று மட்டும் சொன்னால், கால் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் உண்டாகும் உணர்வைக் குறிக்கும். மாணவர்கள் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தமிழில் இதற்கு ஈடாக எதைச் சொல்வது என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் நம் மொழி காத்திருத்தலின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே தொடர் வைத்திருக்கிறது. ‘வழிமேல் விழி வைத்து’ என்றால் அன்புக்குரியவரின் வரவை எண்ணி ஏங்குவது. அதில் ஏக்கம் உண்டு, நடுக்கம் இல்லை. ‘கால் கடுக்க நின்றான்’ என்றால் காக்க வைத்தவரின் அலட்சியமும் சேர்ந்து தெரிகிறது. அதற்கு ஆங்கிலத்தில் குதிகாலை ஆறவைத்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லும் தொடர் பொருந்தும். ‘குட்டி போட்ட பூனைபோல’ என்பது ஓரிடத்தில் இராமல் உள்ளும் புறமும் அலைவதைக் காட்டும் தொடர். உடலின் தவிப்பை அது சொல்கிறது. இவற்றில் எதையும் இத்தொடருக்கு நேராக வைக்க எனக்கு விருப்பமில்லை. ‘இருப்புக் கொள்ளாமல்’, ‘நிலைகொள்ளாமல்’ ஆகியவை நெருங்கி வருகின்றன. ‘நெருப்பின் மேல் நிற்பதுபோல்’ என்பது இன்னும் நெருக்கம். ‘வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு’ என்று நம் தாய்மார்கள் சொல்வதுதான் எல்லாவற்றிலும் மிக நெருக்கமானது, ஏனெனில் கெட்டது நடந்துவிடுமோ என்ற அச்சமும், முடிவு தெரியும்வரை அதைச் சுமந்தே ஆக வேண்டிய கட்டாயமும் அதில் அடங்கியிருக்கின்றன.

நம் மொழியும் காத்திருத்தலை இழுவையாகவே காண்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. முடிவு தெரியாத நிலையை ‘இழுபறி’ என்கிறோம். தங்கள் நாளிதழின் தேர்தல் செய்திகளில் அச்சொல் அடிக்கடி வருகிறது. ஒருவரைத் தேவையில்லாமல் அலையவிட்டுக் காக்க வைப்பதை ‘இழுத்தடித்தல்’ என்கிறோம். கம்பளியை அடித்து, பிறகு இழுத்து மாட்டிய அந்த வேலையை எண்ணும்போது, எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஆங்கிலச் சொல்லின் பின்னால் இருப்பது, இழுத்தல் என்று பொருள்படும் ‘டெண்டெரே’ என்ற லத்தீன் வினை. அதே வேரிலிருந்து பிறந்த பிரெஞ்சு வினையொன்றுக்குக் ‘காத்திரு’ என்றே பொருள்.

இந்த வேரைப் பார்த்தால், தங்கள் பகுதியை எழுதியவர் கூடாரத்தை நினைத்ததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கூடாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான், ஏனெனில் கூடாரமும் இழுத்துக் கட்டிய துணியே. ஒப்பந்தப்புள்ளியைக் குறிக்கும் ‘டெண்டர்’ கூட, கையை நீட்டித் தருதல் என்ற பொருளில் அதே வேரிலிருந்து கிளைத்தது. மென்மை என்று பொருள்படும் ‘டெண்டர்’ மட்டும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலம் பேசுபவர்களே இந்த மென்மையான ‘டெண்டர்’ என்று எண்ணிக்கொண்டு இத்தொடரைத் தவறாக எழுதுவது மிகவும் பரவலாக இருக்கிறது. டென்ட்டர் சட்டங்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனதால், பலருக்கு அச்சொல் எதையும் நினைவூட்டுவதில்லை. ஆகவே தெரிந்த சொல்லை அங்கே வைத்துவிடுகிறார்கள்.

தமிழில் இத்தவறு நேர்வதற்குக் காரணம் நம் எழுத்துமுறை. மெல்லெழுத்தை அடுத்து வரும் ‘ட’ நம் நாவில் தானாகவே மெலிந்து ஒலிக்கும். ‘வண்டி’, ‘கண்டேன்’ என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆகவே ‘டெண்டர்’ என்றோ ‘டென்டர்’ என்றோ எழுதினால், படிப்பவர் ஒப்பந்தப்புள்ளியின் ஒலியைத்தான் எழுப்புவார். எழுதியவர் வேறொன்றை மனத்தில் வைத்திருந்தாலும் பயனில்லை. நடுவில் ஒரு ‘ட்’ சேர்த்து ‘டென்ட்டர்’ என்று அச்சிட்டால் வல்லோசை காக்கப்படும். ‘சென்ட்ரல்’, ‘கவுன்ட்டர்’ என்று தங்கள் நாளிதழ் எழுதுகிறதே, அதே முறைதான் இதுவும். எங்கள் ஆலைகளில் ‘ஸ்டென்டர்’ என்று ஒற்றை டகரத்தோடு எழுதியும் பேசியும் பழகிவிட்டோம். தொழிலாளர்களிடம் நிலைத்துவிட்ட அந்த வடிவத்தை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாணவர்கள் முதன்முதலாகச் சந்திக்கும் ஒரு சொல்லை அவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பகுதியில் அந்தக் கவனத்தை எதிர்பார்க்கிறேன்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வாரப் பகுதியில் ‘டென்ட்டர்ஹூக்ஸ்’ என்று திருத்தி வெளியிட்டு, கூடாரக் கொக்கி என்ற விளக்கத்துக்குப் பதிலாகக் கம்பளித் துணியை இழுத்துக் காயவைக்கும் சட்டத்தின் ஆணி என்று குறிப்பிட்டு, இயன்றால் அதன் படம் ஒன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். ‘ஆவலோடு’ என்பதன் இடத்தில் ‘முடிவு தெரியாமல் நிலைகொள்ளாது காத்திருத்தல்’ என்று போடலாம். எடுத்துக்காட்டாகத் தேர்வு முடிவை எதிர்நோக்கும் மாணவியை வைத்தாலே போதும். படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த நிலை நன்றாகவே தெரியும். என் பேத்தி பழைய கத்தரிப்பை நோட்டிலிருந்து கிழிக்காமல், அதன் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருப்பூர்.